நான் அனுப்பிய காகிதக் குருவிகள்

மகனே,

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்குக் கல்யாணம் என்று படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. பெண்ணின் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் கீழே இருந்த நாலு வரியைப் படித்தேன். பெண் வீட்டாரிடம் அப்பா காலமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டாயாம். அதனால் நான் மட்டும் பெங்களூருக்கு வர வேண்டுமாம். பொட்டு வைக்காமல், பூ வைக்காமல், தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வர வேண்டுமாம். ஒரே ஒரு நாள்தானே அம்மா என்று வேறு எழுதியிருக்கிறாய். அதற்கும் கீழே, என் கையால் லேஸ் பின்னிய தலையணை உறை இரண்டும், மணவறையில் கட்டக் காகிதப்பூ மாலையும் கேட்டிருக்கிறாய். உன் கைவேலைதான் எனக்குச் சீர், அந்த மனுஷன் சம்பாதித்ததில் ஒரு துரும்பும் வேண்டாம் என்று எழுதி, 'துரும்பும்' என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறாய். கோடு போடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

உறையும் பின்னவில்லை, பூவும் செய்யவில்லை. கொக்கி ஊசியை இந்த ஆறு நாளாக நான் தொடவே இல்லை. உன்னிடம் எட்டு வருஷமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உனக்கு ஒரு இழைகூடப் பின்ன என் கை வரவில்லை. சொன்னால் நீ என்னை வெறுப்பாய். உனக்கு இருக்கிற கோபமும் உன் பிடிவாதமும் எனக்குத் தெரியும், அதில் பாதி என்னிடமிருந்து வந்ததுதான். வெறுத்தால் வெறுத்துக்கொள். ஆனால் உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்தவன் என்று சொல்லி நீ தாலி கட்டக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் கடைசிவரை படி.

நீ கிருஷ்ணகிரியில் உன் மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போனது எதற்கு என்பது உனக்கு நினைவிருக்கும். எனக்குச் சயரோகம் என்று தெரிந்த வாரம் அது. நான் ஆந்திரப் பக்கத்தில் இருந்த சானடோரியத்துக்குப் போனேன். உன் தங்கை மல்லிகாவுக்கு அப்போது நாலு வயது. அவளைப் பக்கத்து வீட்டுக் கங்கம்மா பகலில் பார்த்துக்கொண்டாள். உன் அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கன்றுக் கொட்டாய் வேலை. அந்த வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் சாண நாற்றம் மட்டும்தான், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். கோமாரி வந்த மாட்டைத் தனிக் கொட்டாயில் கட்டுவார்கள். அதன் கயிறு, தீனிக்கூடை, படுத்த வைக்கோல் எதுவும் கன்றுகள் இருக்கிற பக்கம் வரக் கூடாது. சுண்ணாம்புக் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும். இருபது வருஷம் அதைச் செய்த மனுஷன் அவர். ஒரு தடவை யாரோ மறந்துபோய் ஒரு கயிற்றை எடுத்து வந்ததில் பதினோரு கன்று செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் வண்டி ஏறிய அன்றே என் பாயையும் தலையணையையும் எரித்து, வீட்டுக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார். எனக்கு அது பின்னால்தான் தெரியும்.

சானடோரியத்தில் படுத்தே கிடக்க வேண்டும். நடக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, அழக்கூட அளவு உண்டு. நாலைந்து மாதம் போனபிறகு, உடம்பு கொஞ்சம் தேறினவர்களுக்குக் கைவேலை கொடுத்தார்கள். எங்கள் வார்டு நர்ஸம்மா வெள்ளை நூல்கண்டும் கொக்கி ஊசியும் கொண்டுவந்து லேஸ் பின்னச் சொல்லித் தந்தார். எனக்கு அது சட்டென்று கைக்கு வந்துவிட்டது. களை பிடுங்கியும் கம்பு அறுத்தும் காய்ப்பேறின விரலுக்கு அவ்வளவு மெல்லிய வேலை வரும் என்று நானே நினைக்கவில்லை. பின்னுகிற நேரத்தில் இருமல்கூடக் குறைந்த மாதிரி இருக்கும். முதலில் மூன்று சாமான் செய்தேன். உன் அப்பா பனியில் பால் கறக்கப் போவாரே என்று ஒரு குல்லா. மல்லிகாவுக்குக் காதை மூடுகிற மாதிரி ஒரு தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நீல நாடா வைத்தது. உனக்குப் பேனாவும் பென்சிலும் போட ஒரு பை, உன் பெயரின் முதலெழுத்தோடு. சாமான்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, ஆபீசிலிருந்துதான் அனுப்புவார்கள். நானும் உள்ளே ஒரு சீட்டு எழுதி வைத்தேன், எல்லாம் கொதிக்க வைத்தது, பயமில்லை என்று.

மீதி உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தபோது பார்சல் வந்தது. உன் அப்பா அதை ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே கொண்டுபோய்ப் பண்ணைக் குழியில் போட்டுக் கொளுத்தினார். நீ பின்னாலேயே ஓடினாய். உன் பெயர் போட்ட பை எரிவதைப் பார்த்துக் கையை விட்டு எடுக்கப் போனாய், அவர் உன்னை அறைந்தார். உன் இடது மணிக்கட்டில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து நீ அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவர் செய்ததை நான் சரி என்று சொல்ல வரவில்லை. கொதிக்க வைத்த துணியால் ஒன்றும் வராது, அவருக்கு அது புரியவில்லை. மாட்டுக்கு என்ன சட்டமோ அதுதான் மனுஷனுக்கும் என்று நினைத்தார். ஆனால் அவரிடம் அப்போது இருந்தது இரண்டு கன்று. இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்பது தவிர அந்த ஆளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

அவர் செய்த பெரிய தப்பு எரித்தது இல்லை. ஏன் எரித்தேன் என்று எனக்கு ஒரு கார்டு எழுதாததுதான். நான் வாரா வாரம் தபாலுக்காகக் காத்திருந்தேன். குல்லா தலைக்குச் சேர்ந்ததா, பாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டாளா என்று ஒரு வார்த்தை வரவில்லை. கங்கம்மாவின் தம்பி லாரியில் கிளீனராக இருந்தான், அந்தப் பக்கம் வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, உனுக்குத் தெரியாதா? எல்லாத்தயும் குழியில போட்டு எரிச்சிட்டாரு. பையன் கையே வெந்துபோச்சி" என்றான். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவேன். நோய் வந்ததும் என்னையே கொளுத்திவிட்டதாக நினைத்தேன். என் பிள்ளைகளிடம் என் கை பட்ட பொருள் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும், அந்த ஆளால் அதைத் தடுக்க முடியாது என்று வீம்பு வந்துவிட்டது.

தீபாவளிக்கு வார்டில் தோரணம் கட்ட நர்ஸம்மா வண்ணத்தாள் கொடுத்திருந்தார். தாளைக் கொதிக்க வைக்க முடியாது, அதனால் தாளில் செய்த எதையும் வெளியே அனுப்பக் கூடாது. அதை அவர் எங்கள் எல்லோரிடமும் பலமுறை சொல்லியிருந்தார். தெலுங்கிலும் சொன்னார், தமிழிலும் சொன்னார். எனக்கு விளங்காமல் இல்லை. அந்தத் தாளில் மீந்ததை எடுத்துத் தலையணைக்குள் வைத்திருந்தேன். கிளீனர் வந்து சொன்ன மறுநாளே ஐந்து குருவி மடித்தேன். வாலைப் பிடித்து இழுத்தால் இறக்கையை அடிக்கும் குருவி. மடிப்பு நிற்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். மூக்கை ஒட்ட, தபால் உறையை ஒட்டுகிற மாதிரிக் கோந்துத் தாளை நக்கி ஒட்டினேன். வெள்ளை நூலில் சங்கிலிப் பின்னல் போட்டு, நூல் முனையைப் பல்லால் கடித்து, ஐந்தையும் வரிசையாகக் கோத்தேன். அப்போது என் சளியில் கிருமி இருந்தது. மாதாமாதம் பரிசோதித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபீசுக்குத் தெரியாமல், அந்த லாரி அடுத்த நடை வந்தபோது அவனிடமே கொடுத்தேன். "பாப்பா கையில குடு. அவருக்குத் தெரிய வாணாம்" என்று கங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

கங்கம்மா பாவம், எனக்கு நல்லது செய்கிறதாக நினைத்துச் செய்தாள். பகலில் மல்லிகா குருவியை வைத்துக்கொண்டு விளையாடுவாளாம். அப்பா வருகிற சத்தம் கேட்டால் பாய்க்கு அடியில் மறைத்து வைப்பாளாம். நாலு வயதுப் பிள்ளைக்குத் திருட்டுத்தனத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தூங்கும்போது குருவியின் வாலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குவாளாம். மூன்று மாதம் அப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது, கழுத்து விறைத்துக்கொண்டது. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு உன் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். என்னுடைய நோய்தான் பிள்ளையின் மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். ஏழு நாள் இருந்தாள்.

எட்டாம் நாள் நீ வந்தாய். அடக்கம் செய்துவிட்டு வந்த அவர் முன்னால் நின்று நீ கத்தியதைக் கங்கம்மா எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறாள். "அம்மா அனுப்புனதுல ஒண்ணயாவது வச்சிருந்தா, அத்தப் புடிச்சிக்கினாவது படுத்திருப்பா. அதுகூட இல்லாம சாவடிச்சிட்டியே." இப்படித்தானே சொன்னாய்? அன்று காலையில்தான் அவர் மல்லிகாவின் பாயைச் சுருட்டியிருக்கிறார். ஐந்து குருவியையும் பார்த்திருக்கிறார். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரே வார்த்தையில் உன் வாயை அடைத்திருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு கால் கழுவப் போய்விட்டார்.

எனக்கு யாரும் சேதி சொல்லவில்லை. அதற்கும் நீ அவரைத்தான் திட்டினாய். அப்போது புதிதாக வந்திருந்த மருந்தில் நான் தேறிக்கொண்டிருந்தேன், இப்போது அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தார். ஐந்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்று நான் அழுது முடிக்கும்வரை உன் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாய்க்கு அடியில அஞ்சி குருவி இருந்துச்சி. எச்சி ஊறி சாயம் போயிருந்துச்சி. அடுப்புல போட்டுட்டன்."

நான் வாயைத் திறக்கப் போனேன். "தெரியும். கங்கம்மா சொல்லிட்டா. வெளிய சொல்ல வாணாம்னு அவ கிட்ட சத்தியம் வாங்கிட்டன். நீயும் பையன் கிட்ட சொல்லாத" என்றார்.

"ஏங்க?" என்றேன்.

"என்னத்தான் வெறுத்துட்டானே. உன்னையும் வெறுத்துட்டா அவனுக்கு யாரு இருக்கறாங்க? ஒருத்தராவது இருக்கட்டும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், இன்னொன்றையும் இழக்க எனக்குத் தெம்பில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், உன் அன்பு எனக்குச் சுகமாக இருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் நீ என் மடியில் தலை வைத்துப் படுப்பாய், அவர் கொட்டாய்ப் பக்கம் போய்விடுவார். நீ கேட்கக் கேட்க மேசை விரிப்பு, கண்ணாடிக்கு மேல் தொங்கும் லேஸ், உன் அறைக்குக் காகிதப்பூ என்று செய்து கொடுத்தேன். அந்த நூலெல்லாம் யார் வாங்கி வந்தது என்று நினைத்தாய்? ஓசூர்ச் சந்தையில் நின்று நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் அவனுக்குப் பிடிக்கும் என்று அவர்தான் வாங்கி வருவார். நடுவில் ஒரு மார்கழியில் அவருக்கு மறுபடியும் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தேன். நீ அதை அவர் தலையில் பார்த்துவிட்டு, "எந்த மூஞ்சிய வச்சிக்கினு இத்தப் போட்டுக்கற?" என்று கேட்டாய். உனக்கு அப்போது பதினேழு வயது. அவர் குல்லாவைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு பால் கறக்கப் போனார். நான் அடுப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உனக்குக் களி கிண்டிப் போட்டேன்.

பெரிய டாக்டர் ஒருவரிடம் இதைப் பிற்பாடு கேட்டேன். காகிதத்தால் வந்திருக்காது அம்மா, நீ வீட்டில் இருமிக்கொண்டு இருந்தபோதே குழந்தைக்கு ஒட்டியிருக்கும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்து பிறகு கிளம்பியிருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ, எனக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் அது என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. குருவியாலா, மூச்சாலா என்பது மட்டும்தான் வித்தியாசம். வேண்டாம் என்று சொன்னதைத் தெரிந்தே செய்தவள் நான். தெரியாமல் எரித்தவர் அவர். இத்தனை வருஷம் தண்டனை அவருக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உன் பெண்டாட்டி ஆசையாக ஒன்று செய்து கொடுத்து, அதை நீ வைத்துக்கொள்ள முடியாமல் போனால், ஏன் முடியாது என்பதை அவளிடம் வாயைத் திறந்து சொல். வாய் வரவில்லை என்றால் ஒரு கார்டு எழுது. அப்பாவைப் போல இருக்காதே. நீயும் யாருக்காவது ஒன்றைச் செய்து கொடுக்கும்போது, இது அவர்களுக்கா, உனக்கா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். நான் அந்தக் குருவிகளை மல்லிகாவுக்கு என்று சொல்லித்தான் மடித்தேன். அவள் என்னை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மடித்தேன். அவள் மறக்கட்டும் என்று விட்டிருந்தால், மறந்துபோய் இன்று பன்னிரண்டு வயதில் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பாளோ என்னவோ.

உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து அவரே கையிலிருந்து வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், உனக்குத் தெரியும். அந்த நாலு வரிக்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "போய்ட்டு வா புள்ள. ஒரு நாளு தான. நீ பொட்ட அழிச்சா நான் ஒண்ணும் செத்துட மாட்டன்" என்றார். அப்புறம், "பொண்ணு எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை நான் இந்தக் கடிதத்தில் உடைப்பது அந்த ஒரு பேச்சுக்காகத்தான். எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார்.

நான் பொட்டை அழிக்க மாட்டேன். பெண் வீட்டாரிடம் போய், எங்கப்பா உயிரோடு இருக்கிறார், கோபத்தில் பொய் சொன்னேன் என்று நீ சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். அவர்கள் நாலு வார்த்தை கேட்டால் கேட்டுக்கொள். அதற்கு முடியாது, ஒருத்தர் செத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றால், என்னைச் செத்தவளாகச் சொல்லிவிடு. என்னை அவர்கள் இன்னும் பார்த்ததில்லை. சயரோகத்தில் போய்விட்டாள் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெண்டாட்டி செத்த ஆம்பிளைக்கு அழிக்கப் பொட்டு கிடையாது. அவர் முன்வரிசையிலேயே நிற்கலாம், உன் தலையில் அட்சதை போடலாம்.

இரண்டில் நீ எதைச் சொன்னாலும் நான் வரவில்லை; முகூர்த்தத்துக்கு முதல் நாள் மதியம் ஓசூரிலிருந்து பஸ் ஏற்றி அவரை மட்டும் அனுப்புகிறேன். பெங்களூரில் அவருக்கு வழி தெரியாது, ஆளைக் கேட்கவும் கூச்சப்படுவார். பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வந்து நில்.

அம்மா